படிப்பில் ஊக்கம் எங்கிருந்து வருகிறது?

தூத்துக்குடியிலிருந்து எட்டயபுரத்தை ஒட்டி மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் எப்போதும்வென்றான் என்று ஓர் ஊர் உண்டு. பெயரைக் கேட்டாலே ஒரு மிடுக்குத் தோன்றும். ஆனால் அவ்வூரைச் சுற்றிலும் கோவில்பட்டி வரையிலும் அதற்கு அப்பாலும் விரிந்து கிடக்கும் கரிசல் காட்டில் எப்போதும் வெல்வது எளிதன்று. வானம் பார்த்த பூமி அது. வடகிழக்குப் பருவ மழையை நம்பியே பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விளைகின்றன. மழை பொய்த்த ஆண்டில் பல குடும்பங்களுக்குக் கைகொடுப்பது தீப்பெட்டித் தொழில். நெடுங்காலம் அத்தொழிலில் சிறுவர் சிறுமியரும் கட்டை அடுக்கினார்கள், பெட்டி ஒட்டினார்கள். 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் சிறுவர்களை அமர்த்துவது பற்றிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், அரசும் பொதுமக்களும் எடுத்த முயற்சிகளும் அந்நிலையைப் பெரிதும் மாற்றின.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வரும் பணியில் இப்பகுதிக்குத் தனி இடம் உண்டு. முதலமைச்சர் காமராசர் 1956-இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது இதே எட்டயபுரத்தில்தான். 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் வந்தது. விலையில்லாப் பாடநூல், மிதிவண்டி, பேருந்துப் பயண அட்டை என்று உதவிகள் பெருகின. பசியும் தொலைவும் பிள்ளைகளைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தியிருந்தன. சோறும் சக்கரமும் அவர்களை உள்ளே கொண்டு வந்து சேர்த்தன.

பிள்ளை உள்ளே வந்துவிட்டான். அவன் மனமும் உள்ளே வர வேண்டுமே! ஒன்பதாம் வகுப்பின் கடைசி வரிசையில் கண்ணைத் திறந்து வைத்துக் கொண்டு எதையும் கேளாமல் இருக்கும் மாணவனை எல்லாப் பள்ளிகளிலும் காணலாம். "அவனுக்குப் படிப்பில் நாட்டமில்லை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் பிறந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன், தாம் மழைக்காகவே பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கியதாகவும், அங்கேயும் பாடத்தைக் கவனிக்காமல் மழையைத்தான் பார்த்துக் கொண்டிருந்ததாகவும் வேடிக்கையாகச் சொன்னதுண்டு. ஏழாம் வக்புக்கு மேல் போகாத அவர் பிற்காலத்தில் புதுவைப் பல்கலைக் கழகத்தில் நாட்டார் வழக்காற்றியல் துறையில் பணியாற்றினார். 1991-இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றார். வகுப்பில் நாட்டமில்லாதவனுக்கு எதிலுமே நாட்டமில்லை என்று கொள்வது தவறு என்பதற்கு அவரே சான்று.

அப்படியானால் வகுப்பறையில் ஊக்கம் எவ்வாறு பிறக்கிறது, எவ்வாறு அணைகிறது? இதில் ஆசிரியரின் நடத்தைக்கு உள்ள பங்கு என்ன? கடந்த அறுபது ஆண்டுகளில் உளவியல் அறிஞர்கள் இதை ஆய்வுகளால் அளந்து பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கண்டவற்றுள் முக்கியமான சிலவற்றைக் காண்போம்.

மனத்துக்குள் மூன்று கேள்விகள்

ஒரு வேலையைத் தொடங்கும் முன் மாணவன் தன்னையறியாமலே சில கேள்விகளைக் கேட்டுக் கொள்கிறான். "என்னால் முடியுமா?" என்பது முதற்கேள்வி. "இது எனக்கு எதற்கு?" என்பது இரண்டாவது. இவ்விரண்டின் விடைகளையும் கூட்டிப் பார்க்கக் கூடாது, பெருக்கிப் பார்க்க வேண்டும் என்பது ஊக்கத்தைப் பற்றிய பழைய கோட்பாடுகளுள் ஒன்று. பெருக்கலில் ஓர் எண் சுழியானால் விடையும் சுழிதானே! கணக்கு மிகவும் பயனுள்ளது என்று நம்பும் மாணவனும், தன்னால் அது ஒருபோதும் முடியாது என்று எண்ணிவிட்டால், புத்தகத்தைத் திறக்க மாட்டான்.

"இங்கே என்னை மதிக்கிறார்களா?" என்பது மூன்றாவது கேள்வி. எட்வர்டு டெசி, ரிச்சர்டு ரயன் என்னும் அமெரிக்க உளவியலார் இதற்குச் சிறப்பிடம் தந்தனர். தன் திறமையை உணர்தல், தன் விருப்பத்தோடு செய்தல், பிறரோடு உறவு கொள்ளுதல் ஆகிய மூன்றும் மனித மனத்தின் அடிப்படைத் தேவைகள் என்பது அவர்கள் கருத்து. இவை நிறைவேறும் இடத்தில் ஊக்கம் உள்ளிருந்தே ஊறும். நிறைவேறாத இடத்தில் வெளியிலிருந்து தள்ளிக் கொண்டே இருக்க வேண்டும்.

"நன்றாகப் படித்து முன்னுக்கு வா" என்ற அறிவுரையை மாணவன் ஆயிரம் முறை கேட்டிருப்பான். ஆனால் மேற்கண்ட மூன்று கேள்விகளுக்கும் அவன் விடை தேடுவது அறிவுரையில் அன்று. ஆசிரியர் யாரைப் பார்த்துக் கேள்வி கேட்கிறார், எவ்வளவு நேரம் காத்திருக்கிறார், தவறான விடைக்கு என்ன சொல்கிறார், விடைத்தாளில் என்ன எழுதுகிறார் என்னும் சிறு சிறு செயல்களிலிருந்தே அவன் விடையைப் படித்துக் கொள்கிறான்.

எதிர்பார்ப்பின் வலிமை

1968-இல் ராபர்ட் ரோசன்தால், லெனோர் ஜேக்கப்சன் என்னும் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். முன்னவர் ஹார்வர்டு பல்கலைக் கழக உளவியலார். பின்னவர் கலிபோர்னியாவில் ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை. அப்பள்ளி மாணவருக்கு ஒரு நுண்ணறிவுத் தேர்வு வைத்துவிட்டு, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மாணவரின் பெயர்களை ஆசிரியர்களிடம் கொடுத்து, "இவர்கள் இவ்வாண்டில் திடீரென்று மலரக் கூடியவர்கள்" என்றனர். உண்மையில் அப்பெயர்கள் சீட்டுக் குலுக்கி எடுத்தாற்போல் எடுக்கப்பட்டவை. ஆண்டு முடிவில் அதே தேர்வை மீண்டும் வைத்தபோது, முதல் இரண்டு வகுப்புகளில், பெயர் குறிக்கப்பட்ட குழந்தைகள் மற்றவர்களைவிடத் தெளிவாக முன்னேறியிருந்தனர்.

இந்த ஆய்வு பெரும் பரபரப்பை உண்டாக்கியது. கடுமையான மறுப்புகளும் எழுந்தன. மேல் வகுப்புகளில் அந்த விளைவு காணப்படவில்லை. பயன்படுத்திய தேர்வு சிறு குழந்தைகளுக்கு ஏற்றதன்று என்றும் சிலர் வாதிட்டனர். பின்னர் 1984-இல் ஸ்டீபன் ராடன்புஷ் என்பவர் இத்தகைய 18 ஆய்வுகளை ஒன்று சேர்த்துப் பார்த்தார். மாணவரை ஆசிரியர் ஏற்கெனவே இரண்டு வாரங்களுக்கு மேல் அறிந்திருந்தால், வெளியார் சொல்லும் பொய்யான குறிப்பு அவரிடம் எடுபடுவதில்லை என்பது தெரிந்தது. கீழ் வகுப்புகளில் வலுவாக இருந்த விளைவு, மாணவர் புதுப் பள்ளிக்கு மாறும் ஏழாம் வகுப்பில் மீண்டும் தலைகாட்டியது. ஆகவே, புதிதாக வரும் மாணவனைப் பற்றி முதல் இரண்டு வாரங்களில் ஆசிரியர் கொள்ளும் எண்ணத்தைப் பெரிதும் கவனிக்க வேண்டியிருக்கிறது. "இவன் இன்னாரின் தம்பி, அண்ணனைப் போலத்தான் இருப்பான்" என்று ஜூன் மாதத்திலேயே முடிவு கட்டுவதை ஆசிரியர்கள் தவிர்ப்பது நல்லது.

எதிர்பார்ப்பு மந்திரம் போல் வேலை செய்வதில்லை. செயல்களின் வழியாகவே செல்கிறது. 1970-இல் ஜெரி பிராஃபி, தாமஸ் குட் ஆகியோர் வகுப்பறைகளில் அமர்ந்து ஆசிரியர்களின் செயல்களைக் குறித்துக் கொண்டனர். கெட்டிக்காரர் என்று கருதிய பிள்ளை தவறாகச் சொன்னால், ஆசிரியர் கேள்வியை மாற்றிக் கேட்டார். ஒரு குறிப்புக் கொடுத்தார். மந்தமானவர் என்று கருதிய பிள்ளை தவறாகச் சொன்னால், அடுத்தவரிடம் போய்விட்டார். சரியாகச் சொன்னபோதும் பின்னவருக்குப் பாராட்டு குறைவாகவே கிடைத்தது. அந்த ஆசிரியர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். இந்த வேறுபாட்டைத் தாம் காட்டுவதை அவர்கள் அறியவில்லை. மாணவர்களோ அதை நன்றாகவே அறிந்து கொள்கிறார்கள்.

ஒரு வினாடியும் மூன்று வினாடியும்

கேள்வி கேட்டபின் ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? மேரி பட் ரோ என்னும் அமெரிக்க அறிவியல் கல்வியாளர் வகுப்புகளை ஒலிநாடாவில் பதிவு செய்து இதைக் கணக்கிட்டார். 1974-இல் வெளியான அவருடைய கட்டுரை வியப்பூட்டியது. ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தனர்! அதற்குள் விடை வராவிட்டால் கேள்வியை மீண்டும் கேட்டனர், அல்லது வேறொருவரை எழுப்பினர், அல்லது தாமே விடை சொல்லிவிட்டனர். அதிலும் முன்னணி மாணவருக்குக் கிடைத்த நேரத்தில் ஏறத்தாழப் பாதிதான் பின்தங்கிய மாணவருக்குக் கிடைத்தது. அதிக நேரம் தேவைப்படுபவருக்குக் குறைந்த நேரம்!

காத்திருக்கும் நேரத்தை மூன்று வினாடிக்கு மேல் உயர்த்தும்படி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார் ரோ. விடைகள் நீண்டன. "தெரியாது" என்பதும் மௌனமும் குறைந்தன. தாமாக முன்வந்து பேசியவர்கள் பெருகினர். அதுவரை வாய் திறவாதவர்களும் அவர்களுள் இருந்தனர்.

நம் வகுப்பறையில் இதைப் பொருத்திப் பார்ப்போம். "கரிசல் மண்ணில் பருத்தி நன்றாக விளைவது ஏன்?" என்று ஆசிரியர் கேட்கிறார். காட்டு வேலைக்குப் போய்ப் பழகிய மாணவிக்கு விடை தெரியும். மழை நின்று பல நாள் கழித்தும் அடிமண்ணில் ஈரம் இருப்பதை அவள் கண்டிருக்கிறாள். கோடையில் நிலம் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடப்பதையும் கண்டிருக்கிறாள். ஆனால் அதைப் பாடப் புத்தகத்தின் மொழியில் சொல்லச் சற்று நேரம் வேண்டும். களிமண் நுண்துகள்கள் மிகுந்திருப்பதால் நீரைப் பிடித்து வைத்துக் கொள்கிறது என்று அவள் சொற்களைக் கோத்து முடிப்பதற்குள், முன் வரிசையில் ஒருவன் நூலிலுள்ள வரியை ஒப்பித்துவிடுகிறான். அறிந்தவள் அறியாதவளாகி உட்காருகிறாள். "இரு தம்பி, அந்தப் பிள்ளை சொல்லட்டும்" என்று ஆசிரியர் சொல்லியிருந்தால் கூடுதலாகச் செலவாவது இரண்டு வினாடி.

"முடியாது" என்னும் முடிவு

1967-இல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் ஆகிய இருவர் நாய்களை வைத்து ஓர் ஆய்வு செய்தனர். சில நாய்களுக்கு மின் அதிர்ச்சி கொடுத்தனர். என்ன செய்தும் அவற்றால் அதை நிறுத்த முடியவில்லை. பின்னர், எளிதில் தாண்டித் தப்பக்கூடிய ஒரு பெட்டியில் விட்டபோது, அவற்றுள் பெரும்பாலானவை தப்ப முயலாமல் படுத்துக் கிடந்தன. இதற்குக் "கற்றறிந்த இயலாமை" என்று பெயரிட்டனர். தொடர்ந்து தோற்ற மாணவன் எளிய கணக்கையும் தொடாமல் விடுவதற்கு இது விளக்கமாயிற்று.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டு சென்றபின், 2016-இல், அதே இருவர் மூளை ஆராய்ச்சியின் துணையோடு தம் கருத்தைத் திருத்தினர். நீண்ட துன்பத்தில் செயலற்றுக் கிடப்பது உயிரினத்தின் இயல்பான முதல் நிலை. அது கற்றுக் கொள்ளப்படுவதன்று. "என் செயலால் நிலைமையை மாற்ற முடியும்" என்பதுதான் கற்றுக் கொள்ளப்படுகிறது. மூளையின் முன்பகுதி அதை உணர்ந்து, உள்ளே எழும் சோர்வை அடக்குகிறது. இத்திருத்தம் ஆசிரியருக்கு மிகவும் வேண்டியது. ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் மாணவனிடம் சோம்பல் என்று ஒன்று புதிதாக முளைத்துவிட்டதாகக் கருத வேண்டியதில்லை. தன் முயற்சிக்கும் விளைவுக்கும் தொடர்புண்டு என்ற அனுபவம் அவனுக்கு இன்னும் போதிய அளவு கிடைக்கவில்லை என்றே கொள்ளலாம்.

அந்த அனுபவத்தைக் கொடுக்க வழி என்ன? எளிய கணக்குகளை மட்டும் கொடுத்து எப்போதும் வெல்ல வைப்பதா? கேரல் டுவெக் என்னும் உளவியலார் 1975-இல் இதைச் சோதித்தார். தோல்வி கண்டால் உடனே கைவிடும் சிறுவர்களை இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்கு வெற்றி மட்டுமே கிடைக்கச் செய்தார். மற்றொரு பிரிவுக்கு இடையிடையே தோல்வியும் வந்தது. அப்போதெல்லாம் "இன்னும் சற்று முயன்றிருக்க வேண்டும்" என்று காரணம் காட்டினார். பிறகு கடினமான கணக்கு வந்தபோது, வெற்றியே கண்ட பிரிவினர் பழையபடி சோர்ந்தனர். மற்றவர்கள் தளராமல் தொடர்ந்தனர். ஊரின் பெயர் எப்போதும்வென்றான் என்று இருக்கலாம். மாணவனை எப்போதும் வெல்ல வைப்பது அவனுக்கு உதவியாகாது. தோல்வியின் காரணத்தை அவன் மாற்றக் கூடிய ஒன்றாகக் காட்டுவதே உதவி. "உனக்கெல்லாம் கணக்கு எங்கே வரப் போகிறது?" என்ற சொல் காரணத்தை அவன் பிறப்போடு சேர்த்து முடிச்சுப் போடுகிறது. "மூன்றாம் வரியில் குறியை மாற்ற மறந்துவிட்டாய்" என்ற சொல் அதை அவன் கையில் கொடுக்கிறது.

பாராட்டிலும் பக்குவம் வேண்டும்

திட்டுவது தீது என்றால் பாராட்டு எப்போதும் நன்றா? 1998-இல் கிளாடியா மியூலர் என்பவரும் டுவெக்கும் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் சில புதிர்களைச் சரியாகச் செய்தபின், சிலரிடம் "நீ புத்திசாலி" என்றனர். சிலரிடம் "நன்றாக உழைத்திருக்கிறாய்" என்றனர். அடுத்துக் கடினமான புதிர்களைக் கொடுத்துத் திணற வைத்தனர். அதன்பின் மீண்டும் முதலில் கொடுத்தவை போன்ற புதிர்கள். புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்கள் முன்னைவிடக் குறைவாகச் செய்தனர். உழைப்புக்குப் பாராட்டுப் பெற்றவர்கள் முன்னைவிட நன்றாகச் செய்தனர். தம் மதிப்பெண்ணை வேறொரு பள்ளி மாணவருக்கு எழுதித் தெரிவிக்கச் சொன்னபோது, முன்னவருள் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேர் கூட்டி எழுதினர்! பட்டம் கிடைத்துவிட்டால் அதைக் காப்பாற்றும் கவலையும் கூடவே வந்துவிடுகிறது.

எண்ணும் எழுத்தும்

திருத்திய விடைத்தாளில் மதிப்பெண் போடுவதா, குறிப்பு எழுதுவதா? இஸ்ரேல் நாட்டில் ரூத் பட்லர் என்பவர் ஆறாம் வகுப்பு மாணவர் 132 பேரைக் கொண்டு இதை ஆராய்ந்து 1988-இல் வெளியிட்டார். ஒரு பிரிவுக்கு மதிப்பெண் மட்டும். ஒரு பிரிவுக்கு விடையைப் பற்றிய குறிப்பு மட்டும். மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்களின் ஆர்வமும் திறமையும் வளர்ந்தன. மற்ற இரு பிரிவினரிடமும் அந்த வளர்ச்சி இல்லை. இரண்டும் கொடுத்தால் இரட்டை நன்மை வரும் என்றுதானே நினைப்போம்? எண்ணைக் கண்டதும் மாணவன் பக்கத்திலிருப்பவனின் எண்ணைப் பார்க்கிறான். எழுத்தைப் படிக்க மறந்துவிடுகிறான்.

பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு எண்ணால்தான் நடக்கும்; அதை மாற்றுவது ஆசிரியர் கையில் இல்லை. ஆனால் வாரந்தோறும் வைக்கும் சிறு தேர்வுகளில் சிலவற்றையேனும் எண் போடாமல், "இதுவரை சரி; அடுத்து இதைச் செய்" என்ற இரண்டு வரிக் குறிப்போடு திருப்பித் தரலாம்.

பிரம்பும் பரிசும்

"அடியாத மாடு படியாது" என்ற பழமொழியை வகுப்பறைக்குள் கொண்டு வருவோர் இன்றும் உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17-ஆம் பிரிவில் உடலை வருத்தும் தண்டனையையும், மனத்தைப் புண்படுத்தும் துன்புறுத்தலையும் ஒருசேரத் தடை செய்துள்ளது. பிரம்பைக் கீழே வைத்துவிட்டு நாவால் அடிப்பதையும் சட்டம் ஏற்பதில்லை. அச்சம் மாணவனை அசையாமல் உட்கார வைக்கும். கேள்வி கேட்க வைக்காது. அடிக்குத் தப்புவது எப்படி என்பதிலேயே அவன் கவனம் செலவாகிவிடும்.

அப்படியானால் பரிசு? அதிலும் ஒரு சிக்கல் உண்டு. 1973-இல் மார்க் லெப்பர் முதலிய அறிஞர்கள், படம் வரைவதில் விருப்பமுள்ள சிறு குழந்தைகளுள் சிலரிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொல்லி வரையச் செய்தனர். சில நாட்களுக்குப் பின் அக்குழந்தைகள் தாமாக வரைவதில் செலவிட்ட நேரம், பரிசு எதிர்பாராத குழந்தைகள் செலவிட்டதில் ஏறத்தாழப் பாதிதான் இருந்தது. ஏற்கெனவே விருப்பத்தோடு செய்யும் செயலுக்குக் கூலி பேசினால் விருப்பம் கூலியாக மாறிவிடுகிறது. எதிர்பாராமல் கிடைத்த பரிசு அவ்வாறு கெடுக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

பிறப்பை நினைவூட்டினால்

"இங்கே என்னை மதிக்கிறார்களா?" என்ற கேள்வி நம் நாட்டில் சாதியோடு பின்னிக் கிடக்கிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகியோர் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்கள் 642 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினர். பாதிப் பேர் உயர்ந்த சாதியினர் எனப்படுவோர். பாதிப் பேர் தாழ்த்தப்பட்டோர். காகிதத்தில் அச்சிட்ட சிக்கல் பாதைகளுக்கு வழி கண்டு கோடு போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் காசு உண்டு. யார் எந்தச் சாதி என்று சொல்லாதபோது இரு பிரிவினரும் ஒரே அளவில் செய்தனர். பெயரோடு சாதியையும் எல்லோர் முன்னிலையிலும் படித்தபோது, தாழ்த்தப்பட்ட சிறுவர்கள் முடித்த எண்ணிக்கை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அதே சிறுவர்கள், அதே அறிவு, அதே கூலி! இடையில் வந்தது ஓர் அறிவிப்பு மட்டுமே.

உதவித் தொகைக்கான விண்ணப்பத்தை நிரப்பும்போது, "இந்தப் பிரிவினர் எல்லாம் எழுந்து நில்லுங்கள்" என்று வகுப்பில் சொல்வது எளிய வழியாகத் தோன்றலாம். அன்றைய கணக்குப் பாடத்தில் அது என்ன விலை கேட்கும் என்பதை இந்த ஆய்வு காட்டுகிறது. தனியே அழைத்துக் கேட்டால் ஒரு சிக்கலும் இல்லை.

ஏன் உயர்நிலைப் பள்ளியில்?

தொடக்கப் பள்ளியில் ஓர் ஆசிரியர் நாள் முழுவதும் உடனிருப்பார். உயர்நிலைப் பள்ளியில் பாடத்துக்கு ஒருவர் வந்து போகிறார். நூறு, இருநூறு மாணவருக்குக் கற்பிப்பவர் ஒவ்வொருவரையும் அறிவது கடினம். பதின்மூன்று வயதுக்கு மேல் பிள்ளைகளுக்குத் தம் கருத்தைச் சொல்லவும் தாமே முடிவு செய்யவும் வேட்கை மிகுகிறது. ஒருவரோடு ஒருவரை ஒப்பிடும் பழக்கமும் கூர்மையடைகிறது. அதே காலத்தில்தான் பள்ளியின் கட்டுப்பாடும் ஒப்பீடும் கூடுகின்றன. இந்தப் பொருந்தாமையே ஊக்கம் சரிவதற்குக் காரணம் என்பது ஜாக்குலின் எக்கிள்ஸ் முதலியோரின் கருத்து.

அவரும் கேரல் மிட்ஜ்லி, ஹாரியட் ஃபெல்ட்லாஃபர் ஆகியோரும் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில், ஆறாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்புக்கு வேறு பள்ளி மாறிய ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவரைத் தொடர்ந்து கவனித்து 1989-இல் முடிவுகளை வெளியிட்டனர். "என்னால் இப்பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியும்" என்ற நம்பிக்கையுள்ள கணித ஆசிரியரிடமிருந்து, அந்நம்பிக்கை குறைந்த ஆசிரியரிடம் சென்ற மாணவர்கள், கணிதத்தில் தம் திறமை மீதே நம்பிக்கை இழந்தனர். பின்தங்கிய மாணவரிடம் இச்சரிவு அதிகமாயிருந்தது. ஆசிரியர் தம்மைப் பற்றிக் கொள்ளும் நம்பிக்கையும் மாணவனுக்குத் தொற்றுகிறது.

மறுபக்கத்தையும் கூற வேண்டும். ஆசிரியர்–மாணவர் உறவு பற்றிய 99 ஆய்வுகளை 2011-இல் நெதர்லாந்து அறிஞர்கள் தொகுத்துப் பார்த்தபோது, நல்லுறவின் பயன் மேல் வகுப்புகளில் கூடுதலாக இருப்பது தெரிந்தது. வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆசிரியரின் அன்பு தேவையில்லை என்ற எண்ணம் சரியன்று.

"இது எனக்கு எதற்கு?"

ஒன்பதாம் வகுப்பு மாணவன் கேட்கும் இக்கேள்விக்கு ஆசிரியரே விடை சொல்ல வேண்டும் என்பதில்லை. கிறிஸ் ஹல்மன், ஜூடித் ஹாராக்கீவிச் ஆகியோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், உயர்நிலைப் பள்ளி அறிவியல் மாணவருள் ஒரு பிரிவினரைப் பாடம் தம் வாழ்க்கையோடு எவ்வாறு தொடர்புடையது என்று அவ்வப்போது தாமே எழுதச் செய்தனர். மற்றொரு பிரிவினர் பாடச் சுருக்கம் எழுதினர். "நான் தேற மாட்டேன்" என்று முதலில் எண்ணியிருந்த மாணவரிடம், தொடர்பை எழுதியதால் ஆர்வமும் மதிப்பெண்ணும் உயர்ந்தன.

கரிசல் காட்டு மாணவருக்கு எழுதப் பொருளா இல்லை? தீக்குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டு. பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ். இரண்டையும் பிரித்து வைத்திருப்பதால்தான் கண்ட இடத்தில் உரசினால் அது தீப்பிடிப்பதில்லை. ஆக்சிஜனேற்றம் என்னும் பாடம் முழுவதும் அந்தச் சிறு பெட்டிக்குள் அடங்கியிருக்கிறது. தாயார் நாள்தோறும் கையாளும் பொருளைப் பற்றி எழுதச் சொன்னால், எழுதாத மாணவனும் எழுதுவான்.

எல்லையும் உண்டு

இவற்றையெல்லாம் படித்துவிட்டு, ஆசிரியர் நினைத்தால் எவரையும் மேதையாக்கலாம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. எதிர்பார்ப்புப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளை 2005-இல் லீ ஜஸ்ஸிம், கென்ட் ஹார்பர் ஆகியோர் சீர்தூக்கிப் பார்த்தனர். பொதுவாக அதன் விளைவு சிறியதே. பெரும்பாலும் ஆசிரியரின் எதிர்பார்ப்பு மாணவரின் உண்மை நிலையையே ஒட்டியிருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு விளைவு பெருகுவதற்கும் போதிய சான்றில்லை. ஆனால் சமுதாயத்தில் ஏற்கெனவே தாழ்த்தி வைக்கப்பட்ட மாணவரிடம் அது வலுவாக இருக்கக்கூடும் என்றும் அவர்கள் குறிப்பிட்டனர். வீட்டில் நூல்களும் படித்த பெற்றோரும் தனிப் பயிற்சியும் உள்ள பிள்ளைக்கு ஓர் ஆசிரியரின் அலட்சியம் ஒரு கீறல். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைக்கு, "நீ படிக்கக் கூடியவன்" என்று சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?

ஆசிரியரின் சுமையையும் மறக்கக் கூடாது. நிரம்பி வழியும் வகுப்பு, முடிக்க வேண்டிய பாடப் பகுதி, நிரப்ப வேண்டிய பதிவேடுகள், தேர்ச்சி விழுக்காடு பற்றிய விசாரணை ஆகியவற்றுக்கு நடுவே அவர் வேலை செய்கிறார். மேலிடம் ஆசிரியரை நடத்தும் விதமே ஆசிரியர் மாணவரை நடத்தும் விதமாகக் கீழிறங்குவதும் உண்டு. அவருக்கும் அந்த மூன்று கேள்விகள் உண்டல்லவா?

ஆயினும் இங்குக் கண்டவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பணமோ ஆணையோ தேவையில்லை. கேள்விக்குப் பின் மூன்று வினாடி. தவறான விடைக்குப் பின் ஒரு குறிப்பு. விடைத்தாளில் இரண்டு வரி. சாதியைச் சபையில் கேளாமை. முயற்சியைச் சுட்டிப் பாராட்டுதல். இவற்றை நாளைக் காலை முதல் மணியிலேயே தொடங்கலாம்.

மாணவ வாசகர்களுக்கும் ஒரு சொல். கேள்வி கேட்டவுடன் விடை வராவிட்டால் உங்களுக்கு அறிவில்லை என்று பொருளன்று. ஒரு வினாடியில் எவருக்கும் வராது. "சற்று யோசித்துச் சொல்கிறேன், சார்" என்று கேட்டுப் பாருங்கள். தாளில் உள்ள எண்ணைப் பார்த்தபின் மடித்து வைக்காமல், எந்த வரியில் பிழை என்று கேளுங்கள். கேட்கும் மாணவரைக் கண்டு ஆசிரியரின் எதிர்பார்ப்பும் உயரும். தொழிற்சாலை வாசலோ காட்டு வேலையோ ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையை அழைக்கும்போது, அவனை வகுப்பில் இருத்தி வைப்பது பெரும்பாலும் இந்தச் சிறு நம்பிக்கையே: "அந்த சார் கேட்பார், எனக்கு விடை தெரியும்."